ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது? ஒரு பனியன் கம்பெனியின் கணினிக் காவல் குறிப்புகள்

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் கணினிப் பாதுகாப்பை வெளி ஆட்களிடம் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் முதல் ஏழு மாதம் தண்டம். அதற்கப்புறம்தான் ஏதோ கொஞ்சம் பிடிபட்டது. போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அந்த ஏற்பாடு வேலை செய்வதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

என் வேலை கணக்குப் பிரிவில். 'கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும்' என்று ஒரு நாள் வாய் தவறிச் சொன்னதால் சிஸ்டம், பிரிண்டர், வைஃபை எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன. இந்தத் துறையில் படித்தவன் இல்லை. இதைப் படிப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

எதனால் இதில் இறங்கினோம்

2024 ஜூன், ஒரு திங்கட்கிழமை காலை. கணக்கு எழுதும் அக்கா, "ஏனுங்க தம்பி, டேலி திறக்கவே மாட்டேங்குதுங்க" என்றார். சர்வரில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நீளமாக ஒரு வால், அந்த வாலில் ஒரு மெயில் முகவரி. எல்லா ஃபோல்டரிலும் ஒரு நோட்பேட் கோப்பு: பணம் கட்டு, சாவி தருகிறோம்.

எப்படி வந்தார்கள் என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. ஆடிட்டர் ஆபீசிலிருந்து நேராக டேலியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்காக, அப்போதைய ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்த) ஆள் ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். தூரத்திலிருந்தே கணினியைத் திறந்து வேலை செய்ய உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான கதவு அது. "ரெண்டு நாளைக்குத்தாங்க" என்று திறந்தது பதினான்கு மாதம் திறந்தே கிடந்தது. பாஸ்வேர்டு, கம்பெனி பெயருடன் 123.

ஈவென்ட் வியூவரைத் திறந்து செக்யூரிட்டி லாகைப் பார்த்தேன், யார் நுழைய முயன்றார்கள் என்று விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவு அது. 4625 என்ற எண் போட்ட வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. தோற்றுப்போன லாகின் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நிமிடத்துக்கு இருபது முப்பது. அட்மின், டெஸ்ட், ஸ்கேன், டேலி என்று மாற்றி மாற்றிப் பெயர் கொடுத்து ஏதோ ஒரு புரோகிராம் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சரி, முதலில் எந்தத் தேதியில் உள்ளே வந்தான் என்று பார்க்கலாமென மேலே போனால், இரண்டு நாளுக்கு முந்தைய வரி எதுவுமே இல்லை. அந்த லாகுக்கு விண்டோஸ் தானாக ஒதுக்கும் இடம் 20 எம்.பி. நிறைந்தால் பழையதன் மேலேயே எழுதும். தட்டியவன் தட்டிய தட்டிலேயே அவன் வந்த தடம் அழிந்துவிட்டது.

2016இல் நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் இரண்டு ஆன்டிவைரஸ் கம்பெனிகளும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் இரண்டு கோப்புகளை ஏற்றிப் பார்த்தேன். சில வகைகளுக்கு அங்கே இலவசச் சாவி உண்டு. எங்களுக்கு வந்த வகைக்கு இல்லை. பணம் கட்டுவதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதிந்தோம்.

காப்பாற்றியது அக்காவின் கைப்பை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை டேலி ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகும் வழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. யாரும் சொல்லிச் செய்ததில்லை. அந்த நகலுக்கு வயது பதினொரு நாள். நான்கு பேர் உட்கார்ந்து பில், டெலிவரி சலான், ஜாப் ஒர்க் நோட்டு எல்லாவற்றையும் வைத்து ஆறு நாளில் மறுபடி ஏற்றினோம். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர்களின் எக்செல் கோப்புகள் போனது போனதுதான்.

முதல் ஒப்பந்தம்: பொருள் வந்தது, ஆள் வரவில்லை

பதற்றத்தில் செய்த காரியம் இது. 'செக்யூரிட்டியும் பார்க்கிறோம்' என்று சொன்ன முதல் ஆளிடமே கொடுத்துவிட்டோம். ஃபயர்வால் பெட்டி (இன்டர்நெட்டுக்கும் நம் நெட்வொர்க்குக்கும் நடுவில் நிற்கும் காவல்), மூன்று வருட லைசென்ஸுடன் 78,000 ரூபாய். ஆன்டிவைரஸ் ஒரு கணினிக்கு 900 வீதம் 23 கணினிக்கு 20,700. மாதம் 6,000, ஜி.எஸ்.டி. தனி. கொட்டேஷனில் ஒன்பது வரி இருந்தது, ஒன்பதும் பொருட்களின் பெயர். யார், எப்போது, எதைப் பார்ப்பார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. அது இல்லை என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஃபயர்வாலைச் சரியாகத்தான் மாட்டினார்கள். 3389ஐ மூடினார்கள். அந்த ஒன்றே பாதி வேலை என்பது உண்மை. ஆனால் அந்தப் பெட்டி எச்சரிக்கை மெயில் அனுப்ப ஒரு முகவரி கேட்டிருக்கிறது. எங்கள் டொமைனிலேயே (கம்பெனியின் இணையப் பெயர்) 'அலர்ட்' என்று புதிதாக ஒரு மெயில்பாக்ஸ் உருவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவர்கள் திறக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஏழு மாதம் கழித்து நான் திறந்தபோது படிக்காத மெயில் 1,900க்கு மேல். பெரும்பாலும் குப்பை. குப்பைக்கு நடுவில் ஒரு பத்துப் பதினைந்து, பார்த்திருக்க வேண்டியவை.

அதைத் திறக்க வைத்த சம்பவம் 2025 பிப்ரவரியில் நடந்தது. ஐரோப்பாவிலிருந்து எங்களிடம் சரக்கு வாங்கும் பையரின் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "உங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது என்று மெயில் வந்திருக்கிறது, நிஜமா?" பழைய ஆர்டரில் அச்சாகியிருந்த எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மெயிலிலேயே ஒரு போன் எண் இருந்ததாம். அதற்கு அவர் அடிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஆயுசு நூறு.

மெயில் போனது எங்கள் மெர்ச்சன்டைசர் ஒருவரின் சொந்த மெயில்பாக்ஸிலிருந்து. உள்ளே புகுந்தவர்கள் அதில் ஒரு ரூல் போட்டு வைத்திருந்தார்கள்: இன்வாய்ஸ், பேமென்ட், பேங்க் என்ற சொற்களில் எது இருந்தாலும் அந்த மெயில் ஆர்.எஸ்.எஸ். ஃபோல்டருக்குப் போய்விடும், படித்ததாகவும் குறிக்கப்படும். எங்கள் ஆபீசில் யாரும் வாழ்நாளில் திறந்திராத ஃபோல்டர் அது. பையரின் பதில்கள் எல்லாம் மூன்று வாரமாக அங்கே போய் உட்கார்ந்திருந்தன. 'பையர் பதிலே போட மாட்டேங்கிறார்' என்று அந்தத் தம்பி புலம்பிக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

செக்யூரிட்டி பார்க்கும் அந்த முதல் நிறுவனத்துக்கு போன் போட்டால், "மெயில் நம்ம ஸ்கோப்ல வராதுங்க சார்" என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி.

எண்ணும் வேலை

இந்தமுறை யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், நம்மிடம் என்னதான் இருக்கிறது என்று எண்ணினேன். இரண்டு மத்தியானம், ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு போன் கேமரா. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு பிரிவாக நடந்தேன். அப்புறம் ரவுட்டரில் எந்தெந்தச் சாதனத்துக்கு ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை எடுத்து நோட்டோடு ஒப்பிட்டேன்.

ஏ.எம்.சி. பட்டியலில் 23 கணினி. நடந்து எண்ணியதில் 25. ஒன்று எம்ப்ராய்டரி பிரிவில், மெஷின்காரர் கொண்டுவந்து வைத்தது. இன்னொன்று டெஸ்பாட்ச்சில் வே பில் போடும் பழைய லேப்டாப், முதலாளி மகன் காலேஜில் பயன்படுத்தியது. இவை போக நெட்வொர்க்கில் இன்னும் ஆறு சாதனங்கள்: வருகைப் பதிவு மெஷின் இரண்டு, வைஃபை ரவுட்டர் இரண்டு, லேபிள் பிரிண்டர் ஒன்று, சிசிடிவி கேமராப் படங்களைப் பதியும் டி.வி.ஆர். பெட்டி ஒன்று.

அந்த டி.வி.ஆர். தனிக்கதை. முதலாளி வீட்டிலிருந்து போனில் கேமரா பார்ப்பதற்காக அதற்கும் ஒரு போர்ட் வெளியே திறந்திருந்தது. 78,000 ரூபாய் ஃபயர்வால் போட்ட பிறகும் அப்படியே. பாஸ்வேர்டு, தயாரித்த கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அதே பாஸ்வேர்டு. நோட்டில் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

இதே நோட்டில் இன்னொரு பக்கம்: எந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது. டொமைன், 2011இல் வெப்சைட் செய்துகொடுத்தவரின் சொந்த மெயிலில். டேலி லைசென்ஸ், இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன கணக்காளரின் மெயிலில். ஃபயர்வால் லைசென்ஸ், முதல் நிறுவனத்தின் மெயிலில். நாம் காசு கொடுத்து வாங்கிய எதுவுமே நம் பெயரில் இல்லை. டொமைனை வாங்க 12 நாள் ஆயிற்று. அந்த மனிதர் நல்லவர், ஊர் மாறிப் போயிருந்தார், அவ்வளவுதான். ஃபயர்வாலின் அட்மின் பாஸ்வேர்டை முதல் நிறுவனத்திடமிருந்து வாங்க ஐந்து வாரம் இழுத்தது. பாக்கி எதுவும் கிடையாது. 'இன்ஜினியர் லீவுங்க' என்றே ஐந்து வாரம்.

ஆள் பிடித்தல்

மூன்று நிறுவனங்களிடம் பேசினேன். மூன்றின் துண்டுப் பிரசுரத்திலும் '24 மணி நேரமும்' என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு மூன்று எண்ணுக்கும் அடித்தேன். முதலாவது ஸ்விட்ச் ஆஃப். இரண்டாவதில் தூக்கக் குரலில் ஒருவர், "காலைல பேசலாங்களா?" என்றார். மூன்றாவதில் எடுத்த பெண், "எந்தக் கம்பெனி சார், டிக்கெட் நம்பர் இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் இன்னும் வாடிக்கையாளர் இல்லை, சும்மாதான் அடித்தேன் என்றேன். ஒரு நொடி சும்மா இருந்துவிட்டு, "பரவாயில்லைங்க சார், நிறையப் பேர் இப்படித்தான் அடிக்கறாங்க" என்றார். இந்த ஒன்றரை வருடத்தில் நான் செய்த உருப்படியான பரிசோதனை அதுதான், செலவும் இல்லை.

இன்னொரு கேள்வியும் கேட்டேன். 2021 ஜூலையில் கசேயா என்ற கம்பெனியின் மென்பொருளில் ஓட்டை பிடித்துப் புகுந்தார்கள். அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்களில் பலர், இதேபோல மற்ற கம்பெனிகளின் கணினிகளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் நிறுவனங்கள். அவர்கள் வழியாக அவர்களுடைய வாடிக்கையாளர்கள் பலருக்கும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் போனது. ஸ்வீடனில் கூப் சங்கிலியின் சுமார் 800 கடைகள் கல்லாப்பெட்டி வேலை செய்யாமல் மூடிக் கிடந்தன. அந்தக் கடைகள் தப்பு எதுவும் செய்யவில்லை. எனவே, "உங்களுக்குள்ளே ஒருத்தன் புகுந்தால் எங்களிடம் வராமல் எது தடுக்கும்?" இரண்டு பேர் விற்பனைப் பேச்சையே திரும்ப ஆரம்பித்தார்கள். மூன்றாமவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் படம் போட்டார்: தங்கள் ஆட்கள் உள்ளே வர இரண்டாம் படிச் சரிபார்ப்பு கட்டாயம், சர்வருக்குத் தனிக் கணக்கு, பேக்கப் நகல் ஒன்றைத் தங்கள் கையே எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். "எங்களையும் முழுசா நம்பாதீங்க" என்று அவரே சொன்னார். விலை மற்ற இருவரையும் விட அதிகம். அவரிடமே கொடுத்தோம்.

ஒப்பந்தம் நான்கு பக்கம். ஐந்தாவது பக்கத்தை நானும் முதலாளியும் உட்கார்ந்து எழுதினோம். அந்தப் பக்கத்தில்தான் எங்களுக்கு விஷயம். ஒரு கணினியில் சந்தேகமாக எதையாவது பார்த்தால், எங்களைக் கேட்காமலே 15 நிமிடத்துக்குள் அதை நெட்வொர்க்கிலிருந்து வெட்டிவிடலாம். சர்வர் மட்டும் விதிவிலக்கு. "சனிக்கிழமை சம்பளம் போடற நேரத்துல சர்வரை நிறுத்திட்டா, வெளியில நிக்கற சனத்துக்கு நீ பதில் சொல்லுவியா தம்பி?" என்று முதலாளி கேட்டார். நியாயம். எனவே சர்வருக்கு முதலில் போன். வரிசையாக மூன்று எண். 20 நிமிடம் யாரும் எடுக்கவில்லையென்றால் வெட்டலாம்.

போன் செய்பவர் நிஜமான ஆள்தானா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு ஜோடிச் சொல். அவர்கள் ஒன்று சொல்ல வேண்டும், நான் பதிலுக்கு ஒன்று. சொல் என்ன என்று இங்கே எழுத மாட்டேன். இரண்டும் நூல் சம்பந்தப்பட்டவை.

சட்ட விஷயம் சுருக்கமாக. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி இதுபோன்ற சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சின்னக் கம்பெனிகளுக்கும்தான். எங்கள் முதல் சம்பவத்தின்போது இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது அறிக்கையைப் புது நிறுவனத்தார் மூன்று மணி நேரத்துக்குள் தயார் செய்ய வேண்டும், அனுப்புவது நாங்கள். தொழிலாளர்களின் ஆதார், பி.எஃப். விவரமெல்லாம் நம்மிடம் இருக்கின்றன. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு நம் மேல்தான். ஆகவே கடைசிக் கையெழுத்து நம்முடையதாகவே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

மாட்டும் வாரங்கள்

2025 ஏப்ரலில் ஆரம்பித்தோம். 24 கணினிகளில் ஈ.டி.ஆர். ஏஜென்ட் போட்டார்கள். கணினியில் எந்த புரோகிராம் எதைக் கிளப்புகிறது என்று பார்த்து வெளியே சொல்லும் மென்பொருள் அது. 25ஆவது கணினியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் தப்பு என்னுடையது. முதல் நாளே 'தடுக்கும்' நிலையில் போடச் சொன்னேன். பழைய சூடு. மூன்றாம் நாள் மத்தியானம் நாலு மணிக்கு, கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, பேக்கிங் லிஸ்ட் எக்செல் திறக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிய மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஒன்று அதற்குள்ளிருந்து லேபிள் பிரிண்டருக்கு நேராகக் கட்டளை அனுப்புகிறது. ஏஜென்ட்டின் கண்ணுக்கு அது அச்சு அசல் வைரஸ். விடுவிக்க 50 நிமிடம். அந்த 50 நிமிடமும் டெஸ்பாட்ச் அண்ணன் என் பக்கத்திலேயே வந்து நின்றார். எதுவும் பேசவில்லை, நின்றார். அன்றைக்கே 'பார்த்துக்கொண்டு மட்டும் இரு' என்ற நிலைக்கு மாற்றி இரண்டு வாரம் ஓட்டினோம். அந்த இரண்டு வாரத்தில் இதே மாதிரி இன்னும் நான்கு உள்ளூர் விசித்திரங்கள் வெளியே வந்தன. அப்புறம்தான் தடுக்கும் நிலை.

இரண்டாவது சிக்கல் மெயிலில். எல்லோருக்கும் இரண்டாம் படிச் சரிபார்ப்பு என்று முடிவாயிற்று. ஏற்றுமதிப் பிரிவுக்கென்று ஒரு பொது மெயில்பாக்ஸ் உண்டு. ஐந்து பேர், ஒரே பாஸ்வேர்டு. சரிபார்ப்பு எண் யார் போனுக்குப் போவது? சீனியர் மெர்ச்சன்டைசர் போனுக்கு என்று வைத்தோம். அடுத்த வாரம் அவர் குலதெய்வக் கோயில் பொங்கலுக்குப் போய்விட்டார், அங்கே சிக்னல் இல்லை. ஐந்து பேரும் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பகிரும் மெயில்பாக்ஸாக மாற்றி, ஐந்து பேரும் தத்தம் சொந்தக் கணக்கில் நுழைந்து அதைப் பார்க்கிற மாதிரி செய்தபிறகு சரியானது. அதைச் செய்ய 20 நிமிடம்தான் பிடித்தது, கூடுதல் லைசென்ஸும் வேண்டியிருக்கவில்லை. முதலிலேயே செய்திருக்கலாம்.

டொமைன் கைக்கு வந்ததும் எஸ்.பி.எஃப்., டி.கிம்., டிமார்க் மூன்றையும் போட்டார்கள். நம் பெயரில் வேறு யாரோ மெயில் அனுப்பினால் வாங்குபவரின் சர்வர் கண்டுபிடிக்க இவை உதவும். முதல் ஒரு மாதம் அறிக்கை மட்டும் வரும்படி வைத்தோம். நல்லவேளை. சம்பளச் சீட்டு அனுப்பும் ஒரு மென்பொருள் எங்கள் பெயரில் தன் சொந்த சர்வரிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதையும் பட்டியலில் சேர்த்தபிறகுதான் சந்தேக மெயிலை ஒதுக்கும்படி மாற்றினோம்.

செக்யூரிட்டி லாகுக்கு ஒதுக்கியிருந்த 20 எம்.பி. இடத்தை 1 ஜி.பி. ஆக்கினேன். இந்த ஒரு வேலையை மட்டும் நானே என் கையால் செய்தேன். ஒரு நகல் உடனுக்குடன் அவர்களிடமும் போகிறது.

ஜூனில் அவர்களே ஒரு பட்டியல் அனுப்பினார்கள்: விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிகிறது, உங்கள் ஆறு டெஸ்க்டாப் விண்டோஸ் 11 தாங்காது. நாலு மாதம் முன்னால் சொன்னதால் செகண்ட்ஹேண்டில் நிதானமாகத் தேட முடிந்தது. ஒன்று 24,000 வீதம் ஆறு, 1,44,000.

மீட்டுப் பார்த்தல்

பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறோம். திரும்ப வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நாங்களும் அப்படித்தான்.

ஏற்பாடு இது: தினமும் ராத்திரி ஒன்பதுக்கு சர்வரின் நகல் நெட்வொர்க்கில் மாட்டிய ஒரு இரட்டை டிஸ்க் சேமிப்புப் பெட்டிக்கு (என்.ஏ.எஸ்.), அங்கிருந்து கிளவுடுக்கு ஒரு நகல், இது போக இரண்டு 2 டி.பி. யு.எஸ்.பி. டிஸ்க், வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி. மாட்டாமல் இருக்கும் டிஸ்க் அக்காவின் வீட்டு பீரோவில். கிளவுடில் இருக்கும் நகலை 30 நாளுக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது. அந்த நிறுவனமே நினைத்தாலும் முடியாது.

முதல் ஒத்திகை ஜூலையில் ஒரு ஞாயிறு. சர்வர் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, வேறொரு கணினியில் எல்லாவற்றையும் மீட்க வேண்டும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தோம். பேக்கப்புக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு. அது எங்கே? சர்வரின் டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் கோப்பில். எரிந்துபோன சர்வரின். நான்தான் எழுதி வைத்திருந்தேன். நிஜ சர்வர் பக்கத்து அறையில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்ததால் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தோம். நிஜமாகவே எரிந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அதைத் தாண்டியதும் டேலி லைசென்ஸ். புதுக் கணினியில் மறுபடி ஏற்ற அவர்கள் அனுப்பும் எண், வேலையை விட்டுப்போன கணக்காளரின் மெயிலுக்குப் போகிறது. அவருக்கு போன் செய்தேன், கல்யாண வீட்டில் இருந்தார். மாலை ஆறு மணி வரை பார்த்துவிட்டு, ஒன்பது மணி நேரத்தோடு தோல்வி என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

இரண்டாவது ஒத்திகை செப்டம்பரில். பாஸ்வேர்டு இப்போது தாளில், உறையில், கம்பெனி லாக்கரில். இன்னொரு உறை முதலாளி வீட்டில். லைசென்ஸ் கம்பெனி மெயிலுக்கு மாறியிருந்தது. 4 மணி 10 நிமிடத்தில் அக்கா உட்கார்ந்து முந்தின நாள் கடைசி வவுச்சரைத் திறந்து காட்டினார். அவருக்கு அன்றைக்குப் பிரியாணி.

அந்த சனிக்கிழமை

நவம்பரில். சம்பள நாள், எல்லோரும் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். ஷிப்பிங் பிரிவில் ஒரு லேப்டாப் மட்டும் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாயந்திரம் அதில் ஒரு மெயில் வந்திருக்கிறது, கூரியர் ரசீது என்று ஒரு ஜிப் கோப்பு. அங்கே தினமும் பத்து கூரியர் ரசீது வரும், திறந்திருக்கிறார்கள். ஒன்றும் வரவில்லை, மூடிவிட்டார்கள்.

ராத்திரி 1:36க்கு அந்த லேப்டாப்பில் பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் புரோகிராம்) தானாகக் கிளம்பி, வெளியே ஏதோ ஒரு முகவரிக்குப் போய், அப்படியே சர்வரின் பகிர்வு ஃபோல்டர்களைத் தேட ஆரம்பித்திருக்கிறது. 1:45க்கு அவர்கள் வெட்டிவிட்டார்கள். ஒன்பது நிமிடம். 1:50க்கு எனக்கு போன். எதிர்முனையில் ஒரு பையன், சொல்லவேண்டிய சொல்லைச் சொன்னான். எனக்குப் பதில் சொல் மறந்துவிட்டது. எழுந்து, லைட் போட்டு, பீரோ கதவுக்குள் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துச் சொன்னேன். "தேங்க்ஸ் சார்" என்று அவன் சிரித்த மாதிரி இருந்தது. சர்வரைத் தொட்டிருக்கிறதா என்று கேட்டேன். மூன்று ஃபோல்டர்களின் பெயரை மட்டும் படித்திருக்கிறது, கோப்பு எதுவும் திறக்கவில்லை, லாகில் இருக்கிறது என்றான். அறிக்கை 3:20க்கு மெயிலில் வந்தது. படித்துவிட்டு செர்ட்-இன்னுக்கு நான் அனுப்பியபோது மணி 4:05. திங்கட்கிழமை அந்த லேப்டாப்பைத் துடைத்து விண்டோஸ் புதிதாக ஏற்றினோம். வேலை எதுவும் நிற்கவில்லை.

கோப்பைத் திறந்த தம்பி பயந்துபோய் என்னிடம் வந்தான். திட்டவில்லை. 'ஒன்றும் வரவில்லை' என்று தோன்றும்போதுதான் எனக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

காசு

24 கணினிக்கு மாதம் 700 வீதம் 16,800. 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 19,824. வருடத்துக்கு 2,37,888. ஆரம்பத்தில் மாட்டும் செலவு 41,300. என்.ஏ.எஸ்., டிஸ்க்குகளோடு 38,500. யு.எஸ்.பி. டிஸ்க் இரண்டும் சேர்த்து 12,400. மெயில் திட்டத்தை உயர்த்தியது தனி. முதலாளிக்கு முதலில் தொண்டையில் இறங்கவில்லை. "இருபதாயிரத்துக்கு ஒரு பையனையே வெச்சுக்கலாமே?" என்றார். வைக்கலாம். அவன் ராத்திரி தூங்குவான், தீபாவளிக்கு ஊருக்குப் போவான், ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போவான். மூன்று ஷிப்டுக்கும் வாரவிடுமுறைக்கும் சேர்த்து ஆள் போட்டால் நாலைந்து பேர் வேண்டும். ஷிப்ட் கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதற்குப்பிறகு பேசவில்லை.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்? எண்ணும் நோட்டை முதல் நாளே எழுதுவேன், சம்பவத்துக்கு எட்டு மாதம் கழித்து அல்ல. ஒப்பந்தத்தில் பிரியும்போது என்ன நடக்கும் என்ற பக்கத்தை முதலில் எழுதச் சொல்வேன்: எந்தெந்தப் பாஸ்வேர்டு, எத்தனை நாளில், யார் கையில். இப்போதைய ஒப்பந்தத்தில் ஏழு வேலை நாள் என்று இருக்கிறது, மூன்று போதும். ஃபயர்வாலுக்கு அவ்வளவு கொட்டியிருக்க மாட்டேன், பாதி விலையில் வருவதே எங்களுக்குப் போதும் என்று இப்போதைய ஆட்களே சொல்கிறார்கள். பேங்க் விவரம் மாறினால் போனில் பேசாமல் நம்ப வேண்டாம் என்று எல்லா பையர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினோம். அதைப் பிப்ரவரிக்கு முன்னாலேயே அனுப்பியிருக்கலாம், தபால் செலவு கூட இல்லை.

அந்த 25ஆவது கணினி. துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரையும் 'கேட்' (CAD) மென்பொருள் ஓடும் மெஷின். விண்டோஸ் 7, மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைவிட்டது. அதில் செருகியிருக்கும் டாங்கிளுக்கு (லைசென்ஸ் சாவி போன்ற சின்னக் கருவி) புது விண்டோஸில் டிரைவர் இல்லை. டாங்கிள் இல்லாமல் கேட் திறக்காது. கேட் இல்லாமல், பேட்டர்னைப் பெரிய தாளில் வரைந்து தரும் பிளாட்டர் ஓடாது. பிளாட்டர் ஓடாவிட்டால் கட்டிங் மாஸ்டர் கை கட்டி உட்கார வேண்டும். ஈ.டி.ஆர். ஏஜென்ட்டும் அதில் ஏறாது. இப்போதைக்கு இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டுத் தனி நெட்வொர்க்கில், பிளாட்டர் மட்டும் துணைக்கு இருக்கும்படி ஒதுக்கி வைத்திருக்கிறோம். பையரிடமிருந்து வரும் பேட்டர்ன் கோப்பை என் மேஜைக் கணினியில் ஸ்கேன் செய்து, அதற்கென்றே வைத்திருக்கும் சிவப்பு பென்டிரைவில் நானே எடுத்துக்கொண்டு போகிறேன், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, இரண்டு மாடி. புது மென்பொருளுக்குக் கொட்டேஷன் 1,40,000. முதலாளி மேஜையில் இருக்கிறது.